பாட்டுக்குப் படம் எடுப்பவரின் காது

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் காலைப் பயணிகள் வண்டியில், பேட்டையைத் தாண்டியதும் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விரலால் தொடையில் தாளம் தட்டியபடி மின்கம்பங்களை எண்ணத் தொடங்கினார் என்னுடன் வந்த இளைஞர். அவர் பாளையங்கோட்டையில் காட்சித் தொடர்பியல் படித்தவர். என்னிடம் இரண்டு ஆண்டுகள் எடிட்டிங் கற்றுக்கொண்டவர். அவர் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நிமிடத்துக்கு 80 தாள அடி ஓடுவது. அதாவது, நான்கு அடிக்கு மூன்று வினாடி. வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் வினாடிக்கு 20 மீட்டர் நகரும். கம்பத்துக்குக் கம்பம் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று வினாடிக்கு ஒரு கம்பம் ஜன்னலைக் கடக்கும். அந்த வேகம் கூடிவந்த சில நிமிடங்களில், ஒவ்வொரு நான்காவது அடியின் தலையிலும் ஒரு கம்பம் வந்து நின்றது. சேரன்மகாதேவி நெருங்க வண்டி வேகம் குறைந்தது. கம்பங்கள் பாட்டுக்குப் பின்தங்கின. அவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த இடத்தில் பிசகியது என்று பாட்டின் வரியைச் சொன்னார்.

இந்தப் பயிற்சியை நான் மிஷேல் கோந்த்ரி என்ற பிரெஞ்சு இயக்குநரின் வேலையைப் பார்த்துக் கற்றேன். இங்கிலாந்தின் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவுக்காக 2002இல் அவர் எடுத்த 'ஸ்டார் கிட்டார்' என்ற மியூசிக் வீடியோவில், ரயில் ஜன்னல் வழியே தெரியும் நிலக்காட்சியைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கம்பம் கடக்கும். இன்னோர் ஒலிக்கு ஒரு கட்டடம் வரும். ஒலி நீண்டால் பாலமும் நீளும். படம் எடுப்பதற்கு முன் அவர் பாட்டு முழுவதையும் கட்டம்போட்ட தாளில் குறித்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, புத்தகம், கண்ணாடித் தம்ளர், ஷூ ஆகியவற்றை வரிசையாக வைத்து அந்த நிலத்தை மேசைமேல் ஒத்திகை பார்த்தார். பிறகு நீம், வலான்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையிலான ஒரே பாதையை, பகலின் வெவ்வேறு வெளிச்சத்தில் பலமுறை பயணம் செய்து படம்பிடித்து, கணினியில் ஒட்டினார். கோந்த்ரி படமெடுக்க வருவதற்கு முன்பே டிரம்ஸ் வாசித்தவர். தான் வாசித்த சிறிய குழுவின் பாட்டுகளுக்குத் தானே படம் எடுத்தார். அவற்றைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 1993இல் தன் பாட்டை அவரிடம் கொடுத்தார்.

பாட்டுக்குப் படம் எடுக்கும் தொழிலில் கேமராவைவிடக் காது மூத்தது என்பதே நான் சொல்ல வந்தது. நல்ல கேமராவை இன்று வாடகைக்கு எடுத்துவிடலாம். காதை அப்படி எடுக்க முடியாது. நெல்லைச் சீமையில் பிறந்து, கோயில் கொடை விழாக்களின் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆனால் அது இந்தத் தொழிலின் மூலதனம் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இயக்குநரின் கைக்கு முதலில் வருவது பாட்டின் ஒலிக்கோப்பு மட்டுமே. சினிமா இயக்குநர் கதையிலிருந்து தொடங்குகிறார். இவருக்கு நீளம், வேகம், ஏற்ற இறக்கம், மௌனம் எல்லாம் வேறொருவரால் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. நிமிடத்துக்கு 80 அடியில் ஓடும் நான்கு நிமிடப் பாட்டில் மொத்தம் 320 அடிகள் இருக்கின்றன. நான்கு நான்காகப் பிரித்தால் 80 கூறுகள். ஒரு தாளில் 80 கட்டம் போட்டு, பல்லவி எது, சரணம் எது, இடையில் வரும் பிஜிஎம் எத்தனை கட்டம், பாடுபவர் எந்தக் கட்டத்தில் மூச்சு வாங்குகிறார், எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்று நிரப்பிக்கொண்டு வருவதுதான் முதல் வேலை. இதை முடிக்காமல் லொகேஷன் பார்க்கக் கிளம்புகிறவர்கள், ஊருக்குத் திரும்பும்போது அழகான ஷாட்டுகளோடு வருவார்கள், பாட்டோடு வரமாட்டார்கள்.

இந்தக் கணக்கு ஃபிரேம் என்ற ஒற்றைப் படம் வரைக்கும் இறங்க வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற சினிமா வேகத்தில், 80 அடிப் பாட்டின் ஓர் அடி சரியாக 18 ஃபிரேம். 120 அடிப் பாட்டென்றால் 12. இரண்டும் முழு எண்கள், வெட்டுவதற்குச் சுகமானவை. ஆனால் நம் ஊர்க் கல்யாண வீடியோக் கேமராக்கள் பலவற்றில் வினாடிக்கு 25 ஃபிரேம் என்றுதான் வைத்திருப்பார்கள். அதில் 80 அடிப் பாட்டின் ஓர் அடி 18.75 ஃபிரேம் ஆகிவிடும். கால் ஃபிரேம் என்ற ஒன்று இல்லை என்பதால் வெட்டுகள் அடியின் முன்னும் பின்னுமாக மாறி மாறி விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே ஏதோ நெருடும். 'படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒட்டலையே' என்று பாட்டுக்காரர் குறைப்பட்டால், நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். எடிட்டர்களிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. அடி விழும் ஃபிரேமிலேயே வெட்டாமல் ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னதாக வெட்டிவிட்டால், அடி கேட்கும் கணத்தில் புதிய படம் கண்ணில் பதிந்திருக்கும். இதைச் சூத்திரமாகக் கற்பிக்க முடியாது. நூறு பாட்டு வெட்டிய பிறகு கை தானாகச் செய்யும்.

படப்பிடிப்பில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்ற செம்மணல் காட்டில், விடியற்காலையில், மேற்சொன்ன இளைஞர் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டிருந்தார். செம்மண் மேட்டில் பாடகி வெறுங்காலோடு நின்றார். பாடகியின் கூந்தலும் சேலையும் காற்றில் மெதுவாக அலைய வேண்டும், உதடுமட்டும் பாட்டோடு பொருந்த வேண்டும் என்பது திட்டம். அதற்காகக் கேமராவை வினாடிக்கு 48 ஃபிரேமில் ஓடவிட்டார்கள். பிறகு அதை 24 ஃபிரேமில் ஓட்டினால் அசைவு பாதி வேகத்துக்கு வந்துவிடும். அப்படியென்றால் உதடும் பாதி வேகத்தில்தானே அசையும்? அதனால் ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் பாட்டு ஒலிக்கவிடும் கருவியை 'நாக்ரா' என்றே இன்னும் சொல்கிறார்கள்; அந்தப் பெயருள்ள பழைய ஒலிப்பதிவுக் கருவி போய்விட்டது, பெயர்மட்டும் தங்கிவிட்டது. அன்று நாக்ராவாக இருந்தது ஒரு மடிக்கணினியும் மேடைக் கச்சேரிப் பெட்டி ஒன்றும். தன் குரலே கீச்சுக்குரலாகக் கேட்க, நிமிடத்துக்கு 160 அடியில் பாடகி பாடினார். ஆறு முறை எடுத்தார்கள். முதல் ஐந்திலும் பாடகி உதட்டைத் துரத்திக்கொண்டிருந்தார். ஆறாவது முறைக்கு முன் இளைஞர் பெட்டியை நிறுத்திவிட்டு, 'அக்கா, வார்த்தய விட்டுருங்க. கால் விரலால மண்ணுல தாளம் போடுங்க, வாய் தானா வரும்' என்றார். அது சரியாக வந்தது. எடிட்டில் பார்த்தபோது, செம்மணலை அழுத்தும் அந்தக் கால் விரலின் நெருக்கமான ஷாட்டே அந்தப் பாட்டின் தொடக்கமாக அமைந்தது.

வெளிநாடுகளில் இந்த வேலை ஒரு தனித்தொழிலாக வளர்ந்ததற்குத் தொலைக்காட்சி காரணம். அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைச் சேனல் 1981 ஆகஸ்டு 1ஆம் தேதி தொடங்கியபோது முதலாவதாக ஒளிபரப்பான வீடியோவை எடுத்தவர் ஆஸ்திரேலியரான ரஸ்ஸல் மல்காஹி; அவர் பிறகு சினிமாவுக்குப் போனார். டேவிட் ஃபிஞ்சர் 1980களின் பிற்பகுதியில் மடோனா போன்றவர்களின் பாட்டுகளை எடுத்துவிட்டு, 1992இல் முதல் படத்தை இயக்கினார். ஜலந்தரில் பிறந்து அமெரிக்காவில் வடிவமைப்புப் படித்த தர்சேம் சிங், ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டை 1991இல் எடுத்தார். பழைய ஓவியங்களைப் போல ஒளியமைத்த அந்த நான்கைந்து நிமிடங்கள் அவரை உலகறியச் செய்தன. இவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் போவதற்கான படியாகத்தான் பாட்டை எடுத்தார்கள் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கதையின் உதவி இல்லாமல் நான்கு நிமிடம் பார்வையாளரைப் பிடித்து உட்காரவைக்கும் வித்தையை அவர்கள் வேறெங்கும் கற்றிருக்க முடியாது. அவர்களுடைய படங்களில் நினைவில் நிற்பதும் அந்த வித்தைதான். இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. எம்டிவி வீடியோவில் பாடகர் பெயரோடு இயக்குநர் பெயரையும் போடத் தொடங்கியது 1992இல்தான். அதுவரை பதினோரு ஆண்டுகள், பார்த்தவர்களுக்கு அதை எடுத்தது யாரென்றே தெரியாது.

தமிழில் நிலைமை வேறு. பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றிருந்த நாட்டில், பாட்டுக் காட்சியின் பொறுப்பு பெரும்பாலும் டான்ஸ் மாஸ்டரின் கையில் இருந்தது. ஷாட் பிரிப்பதும், கேமரா எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதும், எந்த அடியில் வெட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவரே. நம்முடைய முதல் மியூசிக் வீடியோ இயக்குநர்கள் அவர்கள்தாம் என்றே நான் சொல்வேன். அந்த வழியில் பிரபுதேவா படங்களையும் இயக்கச் சென்றார். வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த தலைமுறை, படத்திலிருந்து கழற்றி எடுத்த பாட்டைத் தனியாகப் பார்த்து ரசிக்கப் பழகியது. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்கள். ஆனால் சினிமாவில் இல்லாத பாட்டுக்குக் காட்சி எடுப்பது என்ற பேச்சு, 1997இல் ஏ.ஆர்.ரகுமானின் 'வந்தே மாதரம்' தொகுப்புக்கு பரத்பாலா எடுத்த காட்சிகளோடுதான் வீடுகளுக்குள் வந்தது. 2004இல் சன் மியூசிக் வந்தது. அதிலும் ஓடியவை பெரும்பாலும் படப்பாட்டுகளே.

உண்மையான மாற்றம் யூட்யூபோடு வந்தது. 2011 நவம்பரில் தனுஷ் பாடிய 'கொலவெறி' பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் எடுத்த எளிய காட்சிகளோடு வெளியாகி நாடெங்கும் பரவியபோது, செட்டும் நடனக் கூட்டமும் இல்லாமலே ஒரு பாட்டைப் பார்க்கவைக்க முடியும் என்பது தெரிந்துபோனது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யை அமித் கிருஷ்ணன் எடுத்தபோது, நிலமும் மூதாதையரும் பயிரும் உடையும் சேர்ந்த ஒரு முழு உலகத்தைச் சினிமாவுக்கு வெளியே நின்று கட்ட முடியும் என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு இங்கே பிள்ளைகள் பேசும் பேச்சு மாறிவிட்டது. 'உதவி இயக்குநராகச் சேரணும், சென்னைக்குப் போறேன்' என்று வந்தவர்கள், 'ஒரு இண்டி பாட்டு பண்ணணும் சார்' என்று வருகிறார்கள்.

சென்னைக்குப் போகும் வழி மூடிவிடவில்லை. தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனமும், புனேயில் மத்திய அரசின் நிறுவனமும் இருக்கின்றன. நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு அவை பெரும்பேறு. ஆனால் நெல்லையில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் அதிகமானோர் வருவது கல்யாண வீடியோ வழியாகத்தான். நானும் அப்படித்தான் வந்தேன். கல்யாண வீடியோவைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் ஒரு முகூர்த்தத்தையாவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. தாலி கட்டும் கணம் ஒருமுறைதான் வரும்; கெட்டிமேளம் எப்போது எழும் என்று நாதஸ்வரக்காரரின் தோளைப் பார்த்து முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்; எதிரே இருபது பேர் மறைப்பார்கள். மேளத்தின் போக்கைக் காதால் பிடித்து, கண்ணை அதற்கு முன் அனுப்பும் பழக்கம் அங்கே வருகிறது. பிறகு 'அவுட்டோர்' என்ற பெயரில் மணமக்களைக் குறுக்குத்துறைக்கும் கிருஷ்ணாபுரத்துக்கும் அழைத்துப்போய், பிடித்த சினிமாப் பாட்டுக்கு மூன்று நிமிடப் படம் எடுக்கிறார்களே, அது மியூசிக் வீடியோதான். மற்றவருடைய பாட்டு, நடிக்கத் தெரியாத இருவர், அரை நாள், ஒரே கேமரா, மாமனாரின் கண்காணிப்பு. இத்தனை நெருக்கடியில் வேலை பார்த்தவருக்கு எந்தப் படப்பிடிப்பும் பயமாகத் தெரியாது.

இன்னொரு பள்ளிக்கூடம் கோயில் கொடை. சுடலைமாடன் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தைப் படம்பிடித்தவர்களுக்கு, நான் மேலே சொன்ன கட்டம்போட்ட தாள் எங்கே உதவாது என்பது தெரியும். தலைமைப் பாடகரான அண்ணாவி கதையைப் பாட, உச்சமகுடம், மந்தமகுடம் என்ற இரண்டு தோல்வாத்தியங்களும் எதிரும் புதிருமாக முழங்க, பெண்வேடமிட்ட இருவர் ஆட, கூத்து மெதுவாகத்தான் தொடங்கும். சாமி வரும் நேரம் நெருங்க நெருங்க வேகம் ஏறும். ஸ்டூடியோவில் செய்த பாட்டில் 80 என்றால் கடைசிவரை 80. மகுடத்தில் அப்படி இல்லை. அந்த இளைஞர் ஓர் அண்ணாவியிடம் போய், எந்த இடத்தில் எவ்வளவு வேகம் கூட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். 'ஏ தம்பி, சாமி வருகுன்னு தெரிஞ்சா கை தன்னால ஏறும். அதுக்கு நான் என்னத்தக் கணக்கு சொல்ல?' என்று சிரித்தாராம் அவர். அந்தப் பதிலை இவர் விடவில்லை. ஓர் இரவு முழுவதும் பதிவு செய்து, கணினியில் ஒவ்வொரு நிமிடத்தின் வேகத்தையும் குறித்து, ஏறுமுகமான ஒரு கோடாக வரைந்தார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வேகம் சீராக ஏறவில்லை. ஏறி, சற்றுத் தணிந்து, முன்னைவிட உயரத்துக்கு மறுபடி ஏறுகிறது. அந்தத் தணிவில்தான் கூட்டம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. நல்ல எடிட்டர் செய்ய வேண்டியதும் அதுதான். தொடர்ந்து வேகமாக வெட்டிக்கொண்டே போனால் கண் மரத்துவிடும்.

வில்லுப்பாட்டிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னதும், பக்கத்தில் குடம் தட்டுபவரும் மற்றவர்களும் 'ஆமா' போடுகிறார்கள். கேட்கிறவர்களின் வியப்பையும் இரக்கத்தையும் அந்த 'ஆமா' முன்கூட்டியே நடித்துக் காட்டிவிடுகிறது. பாடுகிறவரிடமிருந்து கேட்கிறவரின் முகத்துக்கு எப்போது வெட்ட வேண்டும் என்று மாணவர்கள் கேட்கும்போது, 'ஆமா எங்கே விழுதோ அங்கே' என்றுதான் நான் சொல்லித் தருகிறேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையைச் சேர்ந்தவர்கள் இந்தக் கலைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பாட்டு எடுக்கப்போகும் பிள்ளைகள் அந்த வாசலை ஒருமுறையாவது மிதிக்க வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்போது மகுடமும் வேடமும் சாமியாட்டமும் பாட்டுக்கு 'கெத்தான' பின்னணியாகக் கிடைத்துவிட்டன. உண்மையாக அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அந்தக் கலைஞருக்குச் சம்பளம் பேசினீர்களா, கோயில்காரர்களிடம் கேட்டீர்களா, எடுத்ததை அவர்களுக்குப் போட்டுக் காட்டினீர்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்த ஷாட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வெளிச்சத்துக்கும் இந்த ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. திருநெல்வேலி வடக்கே 8.7 பாகையில், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. கடைசி ஆறு பாகையை இறங்க இங்கே ஏறக்குறைய 25 நிமிடமே ஆகும். லண்டனில் அதே உயரத்திலிருந்து இறங்க ஏறக்குறைய 40 முதல் 50 நிமிடம் ஆகும். வெளிநாட்டு இயக்குநர்கள் பேசும் பொன்வெயில் நேரம் நமக்கு அவ்வளவு தாராளமில்லை. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் போனால் அதுவும் குறையும். மேற்கே பொதிகை நிற்பதால் மாலை வெயிலை மலை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். ஆனால் காலையில் கிழக்கு வெயில் அதே மலையின் முகத்தில் நேராக விழும். அதனால் காலையில் மலை, மாலையில் கடற்கரையும் தேரியும் என்று நாளைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டுக் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், கண்குழி இருட்டாகி எந்த முகமும் களைத்துத் தெரியும். அப்போது நான்கு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தலைக்குமேல் பிடித்தால், வெயிலை மென்மையாக்க வாடகைக்கு வரும் ஸ்கிம்மர் துணி செய்யும் வேலையில் பாதியை அது செய்துவிடும். ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று ஒலிப்பதிவுக்கு எதிரி என்றாலும், பாட்டு எடுக்கும்போது தளத்து ஒலி தேவையில்லை என்பதால் அது நமக்குச் செலவில்லாத விசிறி. ட்ரோனுக்குத்தான் அது ஆபத்து.

ட்ரோன் என்றதும் அனுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி நாடு பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை தனி அனுமதி தேவையில்லை. நம் மாவட்டத்தின் தென்பகுதியிலோ கூடங்குளம் அணுமின் நிலையமும், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும், விஜயநாராயணம் கடற்படைத் தளமும் இருக்கின்றன. காற்றாலை வரிசை அழகாக இருக்கிறதே என்று வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை ஏற்றினால் போலீஸ் நிலையத்தில்தான் மாலை முடியும். மேற்கே களக்காடு முண்டந்துறை 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அருவியும் அணையும் மாஞ்சோலைச் சாலையும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நமக்கில்லை.

இனி, பலரும் பேசத் தயங்கும் பணத்துக்கு வருகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரை வரிகளுக்கும் இசையமைப்பாளரை மெட்டுக்கும் ஆசிரியராக ஏற்கிறது. புகைப்படத்துக்கு அதை எடுத்தவரே ஆசிரியர். ஆனால் திரைப்படத்துக்கு ஆசிரியர் தயாரிப்பாளர். மியூசிக் வீடியோவும் சட்டத்தின் கண்ணில் திரைப்படம்தான். 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கைக் கைமாற்ற முடியாத உரிமையாக்கியது; இயக்குநருக்கு அதில் ஒன்றும் சேரவில்லை. அதே படப்பிடிப்பில் ஒரு ஸ்டில் எடுத்த தம்பிக்குச் சட்டம் தரும் ஆசிரியர் என்ற பெயர், பாட்டு முழுவதையும் உருவாக்கிய இயக்குநருக்குக் கிடைக்காது. ஆகையால் இயக்குநருக்கு இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான். பெயர் எங்கே, எந்த அளவில் வரும். பாக்கிச் சம்பளம் எப்போது. மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கும். எத்தனை முறை திருத்தித் தர வேண்டும். தன் வேலைகளின் தொகுப்பான ஷோரீலில் காட்ட அனுமதி உண்டா என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு, வாய்ப்பேச்சை நம்பி, மூன்று நாள் எடுத்து ஒரு மாதம் எடிட்டும், டி.ஐ. என்ற நிறத் திருத்தமும் செய்து கொடுத்தேன். பாட்டு வெளியான அன்று குறிப்புப் பகுதியில் உணவு ஏற்பாடு செய்தவர் பெயர்வரை இருந்தது. இயக்கம் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. பாக்கித் தொகையும் வரவில்லை. கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாததால் கேட்க வழியில்லை. அந்த யூனிட்டில் பேட்டா வாங்காமல் உழைத்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே பல நாள் கூசியது.

புகழ்பெற்ற சினிமாப் பாட்டுக்குக் 'கவர்' எடுத்துத் தொடங்குவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். யூட்யூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை அந்த ஒலியை அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தை உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். சில நேரங்களில் வீடியோவே முடங்கும். பயிற்சிக்கு எடுக்கலாம். ஆனால் அதே உழைப்பை, அதே ஊரில் மெட்டுப் போடத் தெரிந்த ஒரு தம்பியின் சொந்தப் பாட்டுக்குப் போட்டால் பார்வை குறைவாக வந்தாலும், அந்த வேலை இருவருடையதாகவும் இருக்கும். கோந்த்ரியும் தன் குழுவின் பாட்டிலிருந்துதானே தொடங்கினார்.

செங்கோட்டை வண்டியில் கம்பம் எண்ணிய அந்த இளைஞர் இப்போது அந்த அண்ணாவியோடு சேர்ந்து ஆறு நிமிடப் பாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். ஒப்பந்தம் இரண்டு பக்கம். அண்ணாவியின் பெயர் முதலில், மகுடம் அடிப்பவர்களின் பெயர் அடுத்து, இவருடையது கடைசியில். முதல் எடிட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வேகம் ஏறும் இடத்தில் ஷாட்டுகள் குறுகிக் குறுகி வந்து, தணியும் இடத்தில் பதினோரு வினாடி வெட்டே இல்லாமல் மகுடத்தின் தோல் மட்டும் தெரிந்தது. அடித்து ஓய்ந்த கை அதன்மேல் கிடக்கிறது. விரல்கள் இன்னும் துடிக்கின்றன. ஒரு வினாடி குறைக்கலாமா என்று கேட்டேன். அண்ணாவியிடம் போட்டுக் காட்டியதாகவும், அந்த இடத்தில் அவரும் மூச்சு வாங்கியதாகவும் சொன்னார். அப்படியே விட்டுவிட்டோம்.